ரெண்டு அடி ஏத்திக் கட்டு

பழைய வண்ணாரப்பேட்டையிலோ கொருக்குப்பேட்டையிலோ ஐம்பது வருஷத்துக்கு முந்தைய வீடு எதற்குள்ளாவது போயிருக்கிறீர்களா? வாசலில் ஏறுவதற்குப் படி இருக்காது, இறங்குவதற்கு இருக்கும். கட்டியபோது தெருவைவிட உயரமாக இருந்த வீடுதான் அது. வீடு அமுங்கவில்லை, தெரு வளர்ந்துவிட்டது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுசாக ஒரு படலம், சில வருஷம் கழித்து அதன் மேல் இன்னொன்று என்று போட்டுக்கொண்டே போனதில், தெரு திண்ணையை விழுங்கி, நிலைப்படியைத் தாண்டி, சில வீடுகளில் ஜன்னல் கட்டைக்கே வந்துவிட்டது. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டார். பெரிய சாலைகளில் சுரண்டுகிறார்கள். சந்துகளில் என்ன நடக்கிறது என்று நீங்களே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் தாய்மாமன் வடசென்னையில் நாற்பது வருஷத்துக்கு மேல் வீடு கட்டினவர். அடுக்குமாடி எல்லாம் இல்லை. கால் கிரவுண்டு, அரை கிரவுண்டு மனைகள். அதாவது 600 சதுர அடி, 1,200 சதுர அடி. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டிக்கொண்டு நிற்கும். முன்னால் ஆட்டோ திரும்ப முடியாத சந்து. ஜல்லியையும் மணலையும் தெருமுனையில் கொட்டி, விடிவதற்குள் தலைச்சுமையாக உள்ளே சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் காலையில் பால் வண்டிக்காரரிலிருந்து பள்ளிக்கூட வேன் வரைக்கும் எல்லோரிடமும் ஏச்சு வாங்க வேண்டும்.

யார் வீடு கட்ட வந்தாலும் மாமா எடுக்கிற முதல் பேச்சு தரைமட்டம்தான். எத்தனை ரூம், சமையல்கட்டு எந்த மூலை, வாஸ்து எல்லாம் அப்புறம். தெருவிலிருந்து மூணு அடி ஏற்ற வேண்டும் என்பார். பைக் எப்படி உள்ளே ஏறும் என்று வீட்டுக்காரர் கேட்பார். சவுடு மண் எத்தனை லோடு ஆகும், அந்தக் காசுக்கு மாடியில் ஒரு பாத்ரூமே போட்டுவிடலாமே என்பார். பேரம் நடந்து கடைசியில் ரெண்டு அடியில் வந்து நிற்கும். அதற்குக் கீழே என்றால் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

"ரோடு வளரும் சார். அதுக்கு சோறு போட ஆள் கீது. உங்க வூட்டுக்கு யார் கீறா?"

மாமாவைப் பற்றிப் பேச்சு வந்தால் சொந்தக்காரர்கள் வழக்கமாக இரண்டு விஷயம் சொல்வார்கள். குடும்பத்துக்காகவே உழைத்தவர், ஊருக்கு அள்ளிக் கொடுத்தவர். இரண்டுமே உண்மைதான். ஆனால் அள்ளிக் கொடுக்கிற அளவுக்கு அவர் கையில் ரொக்கம் என்றைக்கும் இருந்ததில்லை. சனிக்கிழமை சம்பளம் போட்டால் ஞாயிற்றுக்கிழமை கறிக்கு யோசிக்கிற மேஸ்திரிதான். அவர் கொடுத்ததெல்லாம் தொழிலிலிருந்து கொடுத்தது. அதிலும் பாதிக்கு மேல், சாவியை ஒப்படைத்துக் கணக்கு முடித்த பிறகு அதே வீடுகளுக்குத் திரும்பப் போய்ச் செய்த வேலை. அது கல்யாண மேடைப் பேச்சில் வராது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமம். மழை பொய்த்த ஒரு வருஷம் தாத்தா அவரைக் கூட்டிக்கொண்டு மெட்ராஸுக்கு வந்தார். மாமாவுக்கு அப்போது மீசைகூட அரும்பவில்லை. 1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கி, குடிசைகள் இருந்த இடங்களில் மாடிக் குடியிருப்புகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். வேலைக்கு ஆள் போதவில்லை. பாண்டு தூக்கும் சித்தாளாகச் சேர்ந்தவர், ஜார்ஜ் டவுனில் பழைய வீடுகளுக்கு மராமத்துப் பார்க்கும் ஒரு பெரியவரிடம் போய் ஒட்டிக்கொண்டார். கரணை, அதாவது கொத்துக்கரண்டி, பிடிக்கக் கற்றுக்கொடுத்தது அவர்தான்.

அந்தப் பெரியவரிடம் மாமா கற்றது மெட்ராஸ் டெரஸ் என்கிற பழைய காலத்து மாடித் தளம். இப்போது அதைப் போடத் தெரிந்த கைகள் ரொம்பக் குறைவு. சுவருக்குச் சுவர் தேக்கு விட்டங்களைப் போட்டு, அவற்றின் மேல் மெல்லிய சின்னச் செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிற்க வைத்து, மூலைவாட்டில் வரிசை வரிசையாகச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்துக்கொண்டே போவார்கள். அடியில் முட்டுக் கொடுக்கப் பலகை கிடையாது. ஒரு வரிசை அடுத்த வரிசையைத் தாங்கிக்கொள்ளும். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கனமான படலம். கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள். கடைசியில் தட்டோடு. பவழக்காரத் தெருவிலும் தம்புச் செட்டித் தெருவிலும் நூறு வருஷம் தாண்டியும் ஒழுகாத மொட்டை மாடிகள் இன்னும் இருக்கின்றன. "அதுல துருப் புடிக்க கம்பியே இல்லியே" என்பார் மாமா.

கம்பி என்று சொன்னதும் அவர் முகம் மாறிவிடும். காசிமேட்டிலும் ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் வீடு கட்டுகிறவனுக்குக் கடல்தான் பக்கத்து வீட்டுக்காரன். உப்புக்காற்று கான்கிரீட்டின் நுண்துளை வழியாகக் கம்பி வரைக்கும் போய்விடும். துருப்பிடித்த கம்பி பருக்கும். இரும்பாக இருந்தபோது பிடித்த இடம் துருவுக்குப் போதாது. அது உள்ளேயிருந்து நெம்பி, அடியில் இருக்கும் கான்கிரீட்டைப் பத்தை பத்தையாகப் பெயர்த்துத் தள்ளும். ராத்திரி தூங்குகிற குழந்தை மேல் விழுவது அதுதான். ஆகவே கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவில் எவ்வளவு கான்கிரீட் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. தளத்துக்கு 20 மில்லிமீட்டர், பீமுக்கு 25, தூணுக்கு 40 என்பது பொதுவான அளவு. கடலோரம் என்றால் இன்னும் கூட வேண்டும்.

கவர் என்று சொல்கிற இந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் கவர் பிளாக் என்கிற சின்னச் சிமெண்டுக் கட்டியை வைப்பார்கள். நிறைய இடத்தில் கையில் கிடைத்த ஜல்லியைச் செருகிவிட்டுப் போவார்கள், கான்கிரீட் கொட்டும்போது அது நகர்ந்துவிடும். மாமா தன் வீட்டு வாசலிலேயே கவர் பிளாக் தயார் செய்வார். தகரத்தில் சிமெண்டுச் சாந்தை ஒரே கனத்துக்குப் பரப்பி, கரணை முனையால் கட்டம் கட்டமாகக் கீறி, இறுகுவதற்குள் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு கட்டுக்கம்பியை நட்டு வைக்க வேண்டும். கம்பி நடுகிறது பிள்ளைகளான எங்கள் வேலை. மறுநாள் பிரித்தெடுத்து அண்டாவில் ஊறப்போடுவார். அத்தையின் பெரிய அண்டா பொங்கலுக்குத் தவிர மற்ற நாளெல்லாம் கவர் பிளாக்கோடுதான் கிடந்தது. அதற்கு அத்தை கொடுத்த திட்டுகளைத் தனிப் பதிவாகப் போடலாம்.

தளம் போடுகிற அன்றைக்கு அவர் மிக்ஸர் மிஷின் பக்கத்தில் தண்ணீர் டிரம்மை விட்டு நகர மாட்டார். ஐம்பது கிலோ மூட்டைக்கு இருபத்தைந்து லிட்டர் சுமாருக்குத் தண்ணீர் போதும். ஆனால் கலவை கெட்டியாக இருந்தால் சட்டியிலிருந்து இறங்காது, கம்பிக்கு நடுவில் தள்ள முதுகு ஒடியும். அதனால் ஆள் பார்க்காத நேரத்தில் இன்னொரு வாளி ஊற்றிவிடுவார்கள். கலவை பாயசமாக ஓடும், வேலை சீக்கிரம் முடியும், அந்தத் தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் துளையாக நிற்கும். இஞ்சினியர் வந்தால் குடை பிடித்து நாற்காலியில் உட்காருவார். மாமா கையில் மக்கோடு நிற்பார். முடிந்ததும் வீட்டுக்காரர் செலவில் பிரியாணி. அதை மட்டும் அவர் உட்கார்ந்து சாப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் தொழில் நேர்மைதானே, இதில் தர்மம் எங்கே வந்தது என்று கேட்கலாம். அவர் கட்டாத வீடுகளுக்கும் போனார், அங்கேதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளில், பின்னாளில் டிவிஎஸ் ஃபிஃப்டியில், ஒரு நீளக் கழியை எடுத்துக்கொண்டு கிளம்புவார். வேலைக்கு வரும் சித்தாள், கம்பி கட்டுகிற பையன், தெருமுனை இட்லிக்கார அம்மா என்று யாராவது சொல்லியிருப்பார்கள், வீட்டில் கூரை உதிர்கிறது என்று. போய்க் கட்டில் மேல் ஏறி நின்று, கழியால் தளத்தை அடியிலிருந்து தட்டிக்கொண்டே வருவார். நல்ல இடம் 'டங்' என்று திருப்பிச் சொல்லும். உள்ளே விட்டுப்போன இடம் 'பொத்' என்று கேட்கும். பொத்தென்ற இடத்தைக் கரியால் வட்டம் போட்டு, அதற்கு அடியில் பாய் போடக்கூடாது என்று முதலில் வீட்டுப் பெண்களிடம் சொல்வார். பிறகு ஒரு நாள் ஆளோடு போய், விட்ட பூச்சைத் தட்டி எடுத்து, துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மேல்பூச்சுப் பூசிவிட்டு வருவார். இடிக்கிற வீடாக இருந்தால் அதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். இடிக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு வாடகை வீட்டுக்காரர்கள் என்ன செய்வார்கள்? சிலருக்கு வேறு வீடு பார்த்துக் கொடுத்ததும் அவர்தான்.

2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் குடியிருப்பு ஒன்று சரிந்து 24 வீடுகள் தரைமட்டமாயின. விரிசலைப் பார்த்ததும் எல்லோரும் வெளியேறிவிட்டதால் ஒரு உயிர்கூடப் போகவில்லை. டிவியில் அதைத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தபோது மாமா சொன்னார்: "கட்டடம் சொல்லிட்டுதான் வுழும் கண்ணு. நாமதான் அது பேசச்சொல்ல டிவி பாத்துனு இருப்போம்." சொல்லிவிட்டு டிவியை அணைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

குடும்பம் என்று வரும்போது அவர் கூச்சமே படாதவர். கையில் முதல் காசு சேர்ந்ததும் கொடுங்கையூரில் கால் கிரவுண்டு வாங்கித் தன் வீட்டைத்தான் கட்டினார். ஊருக்கெல்லாம் கட்டிவிட்டுத் தான் மட்டும் வாடகை வீட்டில் செத்துப்போன மேஸ்திரிகளின் கதைகளைப் பெருமையாகச் சொல்வார்கள். அது மாமாவுக்குப் பிடிக்காது. "அவன் பொண்டாட்டியக் கேட்டியா?" என்பார். எனக்கும் அந்தக் கதைகள் பிடித்ததில்லை.

அப்பா போன பிறகு எங்களை அந்த வீட்டு மாடிக்குக் கூட்டி வந்தார். மொட்டை மாடியில் ஒரு ஹால், ஒரு அறை, சமையல்கட்டு எடுத்துக்கொடுத்தார். வாடகை கிடையாது. ஆனால் அம்மாவைச் சும்மா உட்காரவிடவும் இல்லை. சைட் கணக்கு, சனிக்கிழமை சம்பளம் எல்லாம் அம்மா கைக்கு வந்தது. எட்டாவது வரைக்கும் படித்த அம்மா, யார் எத்தனை நாள் வந்தார்கள், யார் அரை நாள், யாருக்கு எவ்வளவு முன்பணம், சிமெண்டுக் கடையில் எத்தனை மூட்டை பாக்கி என்று ஒரு நீள நோட்டில் எழுதுவார். அதற்குச் சம்பளம் உண்டு, மற்றவர்களோடு சனிக்கிழமை மாலை வரிசையில் வைத்து. அண்ணன் தங்கச்சி என்பதால் ஒரு நாள் முன்னாலும் கிடையாது. அம்மா கடைசி வரைக்கும், "நான் என் அண்ணன் வூட்ல இல்ல, என் அண்ணன்கிட்ட வேல செஞ்சேன்" என்றுதான் மற்றவர்களிடம் சொல்வார்.

தாய்மாமன் என்றால் நம் பக்கம் எவ்வளவு கடமை என்று சொல்ல வேண்டியதில்லை. காதுகுத்துக்கு மடி, மஞ்சள் நீராட்டுக்குச் சீர், கல்யாணத்துக்கு மாலை. மாமா எனக்கும் தம்பிக்கும் எல்லாம் செய்தார். அவர் மடியில் உட்கார்ந்த குழந்தைகள் நாங்கள் மட்டும் இல்லை. வேலைக்கு வருகிற சித்தாள் பெண்களில் பலர் ஊரைவிட்டு, உறவைவிட்டு வந்தவர்கள். சிலர் காதல் கல்யாணம் செய்து பிறந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாதவர்கள். குழந்தைக்குக் காது குத்த வேண்டும் என்றால் உட்காரத் தாய்மாமன் இல்லை. முதலில் யாரோ ஒருத்தி அழுதுகொண்டே கேட்டிருக்கிறாள். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலிலும் தெரு அம்மன் கோயில்களிலும் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தைகள் அவர் மடியில் உட்கார்ந்து வீறிட்டிருக்கின்றன. அரைக் கிராம் தோடு, ஒரு செட் துணி, தாம்பாளத்தில் வாழைப்பழம், வெற்றிலை பாக்கு. சீர் என்றால் சீர், அதில் குறை வைக்க மாட்டார். ஒரு தடவை தெலுங்கு பேசுகிற குடும்பம், ஒரு தடவை ஒடிசாவிலிருந்து செங்கல் சூளைக்கு வந்து பிறகு கட்டட வேலைக்கு மாறிய குடும்பம். அவர்கள் பக்கத்தில் இந்த வழக்கமே கிடையாதாம். இருந்தாலும் மேஸ்திரி மடியில் உட்கார வைத்தால்தான் ஆச்சு என்று நின்றார்கள்.

இன்னொன்று, கொஞ்சம் சலிப்பான வேலை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-இல் வந்தது. பதிவு செய்தால் பிள்ளைகள் படிப்புக்கு, கல்யாணத்துக்கு, பிரசவத்துக்கு உதவித்தொகை, அறுபது வயசுக்குப் பிறகு ஓய்வூதியம் என்று இருக்கிறது. ஆனால் விண்ணப்பம், சான்று, புதுப்பிப்பு என்று அலைய ஒரு நாள் கூலி போகும். அதனால் யாரும் போக மாட்டார்கள். மாமா தன்னிடம் வேலை பார்த்தவர்களை இழுத்துக்கொண்டு போய்ப் பதிந்தார். அன்றைக்குக் கூலியும் கொடுத்தார். படிவம் நிரப்புவது மாமாவின் மகள். வயதுச் சான்று இல்லாமல் தாங்கள் பிறந்த வருஷத்தை வெள்ளத்தையும் தேர்தலையும் வைத்துச் சொல்கிறவர்களிடம் உட்கார்ந்து கணக்குப் போட்டு எழுதுவாள். இன்றைக்கு மாசாமாசம் ஓய்வூதியம் வாங்குகிற சில கிழவிகள் அவளைப் பார்த்தால் தெருவிலேயே நெட்டி முறிக்கிறார்கள்.

பொதுவாக நம் ஊரில் கொடை என்றால் கல்வெட்டுத் தேடும். கோயில் ட்யூப்லைட்டில் 'உபயம்' என்று குடும்பத்துப் பெயரையெல்லாம் எழுதி வெளிச்சம் வராமல் செய்வது தெரிந்த கதைதானே. அதற்காகப் பழைய பெரிய மனிதர்களைக் கிண்டல் செய்யவும் மனசு வரவில்லை. 1780-களின் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்திலிருந்துதான் இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரி வளர்ந்தது. ராயபுரத்தில் ராஜா சர் சவலை ராமசாமி முதலியார் கொடுத்த பிரசவ ஆஸ்பத்திரியில்தான் வடசென்னையில் பாதிப் பேர் பிறந்திருக்கிறோம். இவர்களைவிட மாமாவுக்குப் பிடித்தவர் நம்பெருமாள் செட்டியார், ஏனென்றால் அவரும் மேஸ்திரி வகையறா. 1892-இல் முடிந்த உயர் நீதிமன்றக் கட்டடத்தின் ஒப்பந்தக்காரர். விக்டோரியா பப்ளிக் ஹாலும் அவர் வேலைதான். கணித மேதை ராமானுஜன் நோயோடு படுத்துக் கிடந்த கடைசிக் காலத்தில் சேத்துப்பட்டில் தன் வீடு ஒன்றைக் கொடுத்தவர் அவர். 1920 ஏப்ரலில் ராமானுஜன் கண் மூடியது அந்த வீட்டில்தான். இதை மாமாவுக்குச் சொன்னது நான். "வூடு கட்றவன் வேற இன்னாத்த குடுப்பான்?" என்று கேட்டார். ஹைகோர்ட் வழியாகப் போகும்போதெல்லாம் அந்தச் சிவப்புச் சுவரைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பார். காவலுக்கு நிற்கும் போலீஸை நினைத்து விட்டுவிடுவார்.

2015 டிசம்பர் மழையில் வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது நினைவிருக்கும். ரெண்டு அடி ஏற்றிக் கட்டின மாமா வீடுகளில் சிலவற்றில் நுழையவில்லை. பலவற்றில் நுழைந்தது. இதை அவரே சொல்வார், மறைக்க மாட்டார். தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் பாய், போர்வை, அரிசி கொடுத்தார்கள். மாமா எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார். வாசல் பக்கத்தில் தாழ்வாக இருந்த மெயினும், தரையிலிருந்து ஒரு அடியில் இருந்த பிளக் பாயிண்டுகளும் நனைந்து கிடந்தன. சுவர் ஈரத்தோடு கரண்டை விட்டால் கை வைத்தவன் போய்ச் சேருவான். மீட்டரைத் தொடக்கூடாது, அது ஈ.பி. காரர்கள் வேலை. அதற்கு அடுத்து வருகிறதெல்லாம் நம் வேலை. சுவரில் உளியால் காடி எடுத்து, குழாயை மேலே நீட்டி, பிளக்குகளை நெஞ்சு உயரத்துக்கு ஏற்றி, காடியை மூடிப் பூசினார்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், பெயிண்ட் பொருந்தாது. வீட்டுக்காரர்கள் முனகினார்கள். ஃபிரிட்ஜ் ஒயர் எட்டவில்லை என்று ஒரு அம்மா சண்டைக்கே வந்துவிட்டார். ஃபிரிட்ஜுக்கு அடியிலும் நாலு செங்கல் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரில் அவருக்கு முட்டி போய்விட்டது. எண்ணூர், எர்ணாவூர் பக்கம் எண்ணெய் கலந்த தண்ணீர் புகுந்த வீடுகளில் சுவரில் கறுப்புக் கோடு இழுத்தது போல நின்றது. சோப்பு போட்டுக் கழுவினார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள், ஒரு வாரத்தில் கோடு மறுபடி வெளியே எட்டிப் பார்த்தது. பூச்சு எண்ணெயைக் குடித்துவிட்டால் அதன் மேல் எதுவும் ஒட்டாது. மாமா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கோட்டுக்கு ஒரு அடி மேலே வரைக்கும் பூச்சைச் செங்கல் தெரியக் கொத்தி எடுக்கச் சொன்னார். காய விட்டு, புதுப் பூச்சு. ஆட்களுக்குக் கூலி மாமா பையனின் கம்பெனிக் கணக்கில். பையனுக்கு அது பிற்பாடுதான் தெரிந்தது.

அத்தையைப் பற்றிச் சொல்லாமல் போனால் இது பாதிக் கதை. மாமா கொடுத்தார் கொடுத்தார் என்கிறோமே, கொடுப்பதற்கு வீட்டில் மிச்சம் இருந்தது அத்தையால். ஒவ்வொரு வேலையிலும் அட்வான்ஸ், கடைக்கால், பெல்ட், லிண்டல், தளம், பூச்சு என்று தவணை தவணையாகப் பணம் வரும். தளத்துத் தவணை வந்த அன்றைக்கு அத்தை வாசலிலேயே நிற்பார். வீட்டுச் செலவு, பிள்ளைகள் ஃபீஸ், சீட்டுப் பணம் மூன்றையும் எடுத்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுப்பார். அந்த மீதியில் மாமா ஊரையே தத்தெடுத்தாலும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மீதிக்கு மேல் போனால் வீட்டில் பாத்திரம் பேசும். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த சீட்டிலிருந்து யாருக்கோ ஆபரேஷனுக்கு எடுத்துக் கொடுத்தபோது இரண்டு பேரும் ஒரு மாசம் பேசிக்கொள்ளவில்லை. அத்தை பக்கம் நியாயம் இருந்ததாகத்தான் எனக்கு இன்றைக்கும் படுகிறது. மாமாவும் அடுத்த வேலைக்கு எடுத்த முழு லாபத்தையும் கொண்டுவந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் சமாதானம் ஆனார்.

அம்மாவின் சனிக்கிழமை நோட்டில் ஒரு விஷயம் எப்போதும் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். ஆண் ஆளுக்கு ஒரு கூலி, பெண் ஆளுக்குக் குறைச்சல். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் வித்தியாசம் இருப்பது சரி, அது கைத்தொழில். ஆனால் அதே ஜல்லியை, அதே படியில், அதே உயரத்துக்குச் சுமந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் எதற்கு வித்தியாசம்? ஊரெல்லாம் அப்படித்தான் கொடுத்தார்கள். காது குத்த மடி கொடுத்த மனுஷரும் அப்படித்தான் கொடுத்தார். தோடு வாங்கிய காசைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் அந்தப் பெண்ணின் கூலியிலேயே அது நின்றிருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நான் கேட்டதில்லை. மாமாவின் மகள் கேட்டாள். வாரியப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தவள், பேனாவை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்பா, இந்தக்கா எத்தினி கிலோ தூக்குது, அந்தண்ணன் எத்தினி கிலோ தூக்குறாரு?"

"ரெண்டும் ஒரே பாண்டுதான்."

"அப்போ?"

மாமா ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "மார்க்கெட் ரேட்டும்மா" என்றார். அவளும் விடவில்லை. "சீர் வெக்கச்சொல்ல மட்டும் மார்க்கெட் ரேட் பாக்கறது இல்லியே நீ." அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடாமல் படுத்தார் என்று அத்தை சொல்லித்தான் தெரியும். அடுத்த சில வாரத்தில் பெண்கள் கூலியை உயர்த்தினார், முழுசாகச் சமமாக இல்லை, வித்தியாசத்தில் பாதியைக் குறைத்தார். அக்கம்பக்கத்து மேஸ்திரிகள் வீட்டுக்கு வந்து கத்தினார்கள், தங்கள் ஆட்களையும் கிளப்பிவிடுகிறார் என்று. சதுரத்துக்கு அவர் சொன்ன ரேட் கூடிப்போனதில் ஒரு வேலை கையை விட்டுப் போனது. மீதிப் பாதியை அவர் ஓய்வு பெறுகிற வரைக்கும் ஏற்றவில்லை. கேட்டால் "ஏத்தலாம் ஏத்தலாம்" என்பார்.

இப்போது தொழில் மாமா பையன் கையில். இஞ்சினியரிங் முடித்தவன். மூன்று மாடி, நான்கு மாடி வரைக்கும் போகிறான், ரெடிமிக்ஸ் வாங்குகிறான், ஃபிளை ஆஷ் கல்லும் எம்-சாண்டும்தான். தரைமட்டப் பிரச்சினையே அவனுக்குக் கிடையாது, கீழே கார் நிறுத்தத் தூண் மட்டும் விட்டுவிட்டு வீடு முதல் மாடியில் ஆரம்பிக்கிறது. தூணுக்குக் கவர் எவ்வளவு விட்டாய் என்று மாமா போனில் கேட்பார். அவன் சொல்கிற எண்ணை நம்பாமல் ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்ப்பார், அத்தை திட்டிக்கொண்டே கூடப் போவார். கூலிக் கணக்கு இப்போது செல்போனில். போன தையில் மாமாவின் மகள் அதை வாங்கித் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஆணுக்கும் பெண்ணுக்கும் இன்னும் நூறு ரூபாய் வித்தியாசம் இருக்கிறது. தம்பியைக் கேட்டாள். அடுத்த தையில் பார்க்கலாம் என்றான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா, "எழுதி வாங்கிக்கம்மா அவன்கிட்ட" என்றார். அவள் எழுதி வாங்கி வைத்திருக்கிறாள்.